கூட்டத்தில் மௌனம், ஒட்டுக்கடையில் பேச்சு

காலை ஏழே முக்கால். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் ஒரு தொழிற்சாலை. தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறோம். புதிதாக வந்த மேனேஜருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நேற்று எவ்வளவு ஓடியது, இன்றைக்கு டார்கெட் என்ன, காதடைப்பு போடாதவர்கள் யார் என்று எல்லாம் சொல்லி முடித்தபின் மலாயில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் கேட்பார்: கேள்வி ஏதாவது இருக்கிறதா? நாற்பது ஜோடிக் கண்களும் பாதுகாப்புக் காலணிகளைப் பார்க்கும். சரி, நன்றி என்று அவர் சொன்னதும் கலைந்துவிடுவோம். மாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடை என்ற சாலையோரக் கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வந்து சேர்வதற்குள் அதே நாற்பது பேரில் பாதிப் பேர் தொழிற்சாலையை அக்கு அக்காகப் பிரித்து மேய்ந்திருப்பார்கள். மூன்றாவது லைனில் உருளை சத்தம் போடுகிறது, பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கிறது, இன்னும் பத்து நாள் தாங்காது என்று ஒருவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் பெல்ட் அறுந்தது. ஐந்து மணி நேரம் லைன் நின்றது. மறுநாள் காலைக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார், "ஒருவருக்குக்கூடவா தெரியாது?" மறுபடியும் காலணிகளைப் பார்த்தோம். எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அந்த லைனின் லீடர். அந்தத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன், கடைசி நான்கு ஆண்டுகள் லீடராக. இப்போது அங்கே இல்லை. இதை எழுத முடிவதும் அதனால்தான்.

இந்த மாதிரி மௌனத்துக்கு நம் ஊரில் இரண்டு விளக்கங்கள் கைவசம் உண்டு. மேலே இருப்பவர்கள் சொல்வது: இவர்களுக்கு அக்கறை கிடையாது. நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது: ரப்பர்த் தோட்டத்துப் புத்தி, துரையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதற்கு ஓர் ஆராய்ச்சி முத்திரைகூட இருக்கிறது. நெதர்லாந்து அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட், ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் நிரப்பப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து, அதிகார இடைவெளி என்ற அளவுகோலை உருவாக்கினார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கணக்கு. ஏறத்தாழ நூறுக்குள் அடங்கும் அந்த அளவுகோலில் இந்தியாவுக்கு 77. மலேசியாவுக்கு 104, பட்டியலின் உச்சி. நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இந்த எண்ணைக் காட்டாத பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை. காட்டிவிட்டு, "இது நம் கலாச்சாரம்" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அதில்தான் சிக்கல். மேனேஜர் முன்னால் வாய் திறக்காத அதே மனிதர், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆண்டுக் கூட்டத்தில் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? போன வருடத் திருவிழாக் கணக்கில் பந்தல் செலவு இருநூறு வெள்ளி (ரிங்கிட்) ஏன் கூடியது என்று செயலாளரை நிற்கவைத்துக் கேட்பார். தலைவர் டத்தோ பட்டம் பெற்றவராக இருந்தாலும் விடமாட்டார். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் அப்படியே. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் கூட்டம் என்றால் இரவு பன்னிரண்டு மணிக்கு முன் முடியாது, நாற்காலி பறந்த கதையும் உண்டு. மௌனம் ரத்தத்தில் ஊறியது என்றால் கோயில் மண்டபத்தில் அது எங்கே போனது? கோயிலில் அவருக்குச் சம்பளம் போடுகிறவர் யாரும் இல்லை. அவருடைய ஓ.டி.யை, அதாவது கூடுதல் நேர வேலையை, வெட்டவும், ஷிப்டை மாற்றவும் அங்கே யாராலும் முடியாது.

ஆக, பேசாமல் இருப்பதை ஒரு கணக்காகப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது. பெல்ட் இழுக்கிறது என்று கூட்டத்தில் சொன்னால் லாபம் கம்பெனிக்கு. செலவு? முதலில், மெயின்டெனன்ஸ்காரரைப் பத்துப் பேர் முன்னால் குற்றம் சொன்னதாக ஆகும். அடுத்து, "தெரிந்திருந்தால் நீயே கவனித்திருக்கலாமே" என்று, சொன்னவர் தலையிலேயே அந்த வேலை வந்து விழும். அப்புறம் மொழி. வீட்டிலும் பள்ளியிலும் தமிழில் யோசித்த ஒருவர், தன் குறையைத் திக்கித் திணறி இன்னொரு மொழியில், சிரிக்கக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் தாண்டிச் சொன்னால் கிடைப்பது "நன்றி, கவனிக்கிறோம்". இந்தக் கணக்கை ஒருவர் போட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்டால் அவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. அக்கறை இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. அக்கறை இல்லாதவர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பெல்ட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசமாட்டார்.

பிரட்டுக்களம்

இந்தக் கணக்கு நம் வீடுகளில் எங்கே பழகியது என்பதற்குத் தோட்டத்துக்குப் போக வேண்டும். விடியுமுன் பிரட்டு, அதாவது ஆளெடுப்பு. ஆட்கள் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிடுவார்கள், செக்குரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவார்கள், யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்று பிரித்துவிடுவார்கள். நிர்வாகியான பெரிய துரை, அவருக்கு உதவியாகச் சின்ன துரை, கணக்கெழுதும் கிராணி, வெளிவேலையைப் பார்க்கும் கண்டக்டர், ஆட்களை வேலைவாங்கும் மண்டோர், ஆள்கட்டும் கங்காணி என்று மேலிருந்து கீழே இறங்கும் படிகள். இன்றைய நிறுவனங்களில் சுவரில் மாட்டியிருக்கும் நிர்வாக வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரட்டுக்களம்தான் ஞாபகம் வரும். கட்டங்களின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. பேச்சு கீழ்நோக்கியே ஓடும். தொழிலாளி துரையிடம் நேராகப் பேசுவது என்பது கிடையாது. மண்டோரிடம் சொல்ல வேண்டும், அவர் கண்டக்டரிடம், அவர் கிராணியிடம். மேலே போய்ச் சேரும்போது குறை என்பது ஆள்மேல் புகாராகத் திரும்பியிருக்கும். என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை, "மேல சொன்னா மேலேயே விழும்."

படிகளைவிட முக்கியமானது வேறொன்று. வரிசையாகக் கட்டிய லயன் வீடு தோட்டத்துடையது. பிள்ளையை விடும் ஆயாக்கொட்டகை, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், கள்ளுக்கடை என்று எல்லாமே தோட்டத்து எல்லைக்குள். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பிள்ளையின் படிப்பு போகும். 1970இல் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் ஒரு விஷயத்தைத் தெளிவாக எடுத்துவைத்தார். ஓர் அமைப்பு சரியில்லாமல் போகும்போது அதில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்: ஒன்று விலகிப் போவது, மற்றது உள்ளேயிருந்து குரல் கொடுப்பது. விலகும் வழி இருப்பது குரலுக்குப் பலம் தரவும் கூடும். "நான் போய்விடுவேன்" என்று சொல்லக்கூடியவரின் குரலுக்குக் கொஞ்சம் எடை இருக்கும். தோட்டத்தில் விலகுவதற்கு வீட்டையே விலையாகக் கொடுக்க வேண்டும், எனவே குரலுக்கு எடையே கிடையாது. துரையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்வதற்குப் பின்னால் இருந்தது இந்த வீட்டுச் சாவி.

ஆனாலும் வாய் திறந்தவர்கள் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள்; கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள்; பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். அந்தப் பட்டியலில் சைக்கிளும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இதை ஏன் வைத்தார்கள் என்று நிர்வாகம் படிக்கிற மாணவர்கள் யோசித்துப் பார்க்கலாம். ஒருவர் எத்தனை வெள்ளிக்கு உழைக்கிறார் என்பதோடு, எப்படி நடத்தப்படுகிறார் என்பதும் வேலையின் பகுதி என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. மேற்கத்திய ஆய்வுகள் அப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. நாதன் மே மாதம் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து எங்கள் ஊரே வரலாற்றில் ஏறியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அதே மாதத்தில் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பும் பதிவை இழந்தது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த வருடங்களில் லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு "வாயை அடக்கு" என்பது வெறும் அறிவுரையாக இருந்திருக்காது. 1954இல் பி.பி. நாராயணன் முதலியவர்களால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது குரலுக்கு ஒரு சட்டபூர்வமான வழி பிறந்தது. அதில் ஒரு பழக்கமும் சேர்ந்தே பிறந்தது என்று எனக்குப் படுகிறது: நமக்காகத் தலைவர் பேசுவார், நாம் பேச வேண்டியதில்லை. இன்று நாட்டின் தொழிலாளர்களில் சங்கத்தில் இருப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பேசித் தந்த தலைவர் போய்விட்டார், பேசாத பழக்கம் தங்கிவிட்டது.

அப்புறம் தோட்டங்களும் கலைந்தன. 1950களின் பிற்பாதியில், தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் துண்டாடல் தொடங்கியது. அதைத் தடுக்கத்தான் எங்கள் தொகுதியின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பிள்ளைகள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தார்கள், ஈப்போ பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு பஸ் ஏறினார்கள். இப்போது வீடு கம்பெனியுடையது இல்லை. ஆனால் வீட்டுக் கடனும், கார்த் தவணையும், கூட்டு மாதச் சீட்டும் ஓ.டி. சம்பளத்தை நம்பி ஓடுகின்றன. அந்த ஓ.டி.யை யாருக்குக் கொடுப்பது என்பது சூப்பர்வைசரின் பேனாவில் இருக்கிறது.

இரண்டு வாளிப் பால்

மௌனத்துக்கு இன்னொரு முகம் உண்டு, அது கைகளில் தெரியும். தாத்தா நல்ல வெட்டுக்காரர். கத்தி பட்டையில் இறங்கும் ஆழம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும் என்பார். அவரால் மற்றவர்களைவிட அரை வாளி கூடுதலாகக் கொண்டுவர முடியும். கொண்டுவரமாட்டார். பால் உறைந்துவிடும், மறுநாளைக்குப் பதுக்கிவைக்க முடியாது. அதனால் வெட்டும்போதே கையை அடக்கிக்கொள்வார். ஏன் என்று சிறுவயதில் கேட்டேன். "இன்னிக்கு நான் கூட்டிக் கொடுத்தா, நாளைக்கு மண்டோர் எல்லாருக்கும் மரத்தைக் கூட்டிருவான். பக்கத்து நிரையில அஞ்சு மாசப் புள்ளத்தாச்சி வெட்டுறா, அவ என்ன பண்ணுவா?" என்றார்.

இதே கதையை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் பின்னாளில் படித்தபோது சிரிப்பு வந்தது. சிக்காகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பல ஆய்வுகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்ற சின்னக் கேள்வியில் தொடங்கிய அவை, எல்டன் மேயோ போன்றவர்களின் கையில் பட்டு, வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற துறைக்கே அடித்தளமாயின. அவற்றில் எனக்குப் பிடித்தது 1931–32இல் நடந்த கடைசி ஆய்வு. தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். கூட்டாக எவ்வளவு செய்கிறார்களோ அதற்கேற்ப ஊதியம். எனவே எல்லாரும் முடிந்த அளவு செய்வார்கள் என்று எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. நாளுக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள்ளேயே ஓர் அளவு இருந்தது. அதைத் தாண்டுகிறவனுக்கு ஒரு பட்டப்பெயர், ரொம்பக் குறைவாகச் செய்பவனுக்கு ஒரு பட்டப்பெயர், மேலே போட்டுக்கொடுப்பவனுக்கு இன்னொன்று. மிஞ்சிப் போனால் புஜத்தில் ஒரு குத்து. சீக்கிரம் முடித்தவன் கையை மெதுவாக்கிக்கொள்வான், கூடுதலாகச் செய்ததை இன்னொரு நாள் கணக்கில் காட்டுவான். அளவைக் கூட்டினால் கூலி வீதத்தைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். அது பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் லைனில் அது அப்படியே நடந்தது. ஒரு நாள் டார்கெட் ஆயிரம். ஒரு வாரம் உற்சாகத்தில் ஆயிரத்து நூறு ஓட்டினோம். மேனேஜர் பீட்சா வாங்கித் தந்தார். அடுத்த மாதம் டார்கெட் ஆயிரத்து நூறு ஆனது. அதற்குப் பிறகு எங்கள் லைன் ஆயிரத்து நூற்று மூன்றைத் தாண்டியதே இல்லை. பீட்சா நன்றாகத்தான் இருந்தது.

எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும், எதை எதிர்பார்க்கிறோமோ அது கிடைக்காது. அமெரிக்க நிர்வாகவியலாளர் ஸ்டீவன் கெர் 1975இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றியது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அவர் எழுதித் தெரிய வேண்டியதில்லை. கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தார்கள், அதாவது அவர் கூட்டிவந்த ஆட்களில் அன்றன்றைக்கு வேலைக்கு இறங்கும் தலை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று. ஆட்களைக் கங்காணி நன்றாகக் கவனித்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு. காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பி நிரைக்குத் துரத்தினால்தான் காசு என்பது நடைமுறை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியதும் ஆள்கட்டும் கங்காணியின் காலம் முடிந்தது. தலைக்காசு முடிந்ததா? பல தொழிற்சாலைகளில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் இருக்கிறது. ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தாலும் அந்த மாதத்துப் பணம் போய்விடும். விளைவு, காய்ச்சலோடு வருகிறார்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் கொடுக்கிறார்கள், இயந்திரத்தின் முன்னால் கண் சொருகி நிற்கிறார்கள். பழைய கங்காணி வெளியே நின்று துரத்தினார். இப்போது ஆளே தன்னைத் துரத்திக்கொள்கிறார்.

செம்பனையிலும் இதைப் பார்க்கலாம். பழம் முற்றினால் குலையிலிருந்து தானாக உதிரும், எண்ணெய் நிறைந்திருப்பது அந்த உதிரிப் பழத்தில்தான். ஆனால் அறுப்பவருக்குக் குலைக்கணக்கிலோ எடைக்கணக்கிலோ கூலி என்றால், முள்ளுக்கும் புல்லுக்கும் நடுவில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவது நேரத்துக்குக் கேடு. சுலபமான வழி, உதிர ஆரம்பிக்கும் முன்பே குலையை அறுத்துவிடுவது. அப்புறம் காய்க்குலைக்கு அபராதம் போடுவார்கள். அபராதம் போட்டால் காய்க்குலையை ஓலைக்கடியில் மறைப்பார்கள். இந்த விளையாட்டுக்கு முடிவே கிடையாது.

நடுவில் நிற்பவர்

இவ்வளவு சொன்ன நான் லீடராக இருந்தபோது என்ன செய்தேன் என்று கேட்கலாம். நியாயம்தான். கனடாவைச் சேர்ந்த லாரன்ஸ் பீட்டர் 1969இல் பாதி வேடிக்கையாகச் சொன்ன விதி ஒன்று உண்டு: ஓர் அமைப்பில் ஆட்கள் தங்களால் முடியாத வேலை வரும்வரை பதவி உயர்ந்துகொண்டே போவார்கள். நன்றாக வெட்டியவரை மண்டோர் ஆக்கினார்கள். வெட்டுவது வேறு, இருபது பேரை நடத்துவது வேறு. என்னையும் அப்படித்தான் ஆக்கினார்கள். இயந்திரத்தைச் சீக்கிரம் செட் பண்ணுவேன், அதனால் லீடர். ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. மேலே இருப்பவர் என்னிடம் கேட்பது எண்ணிக்கை, கீழே இருப்பவர்கள் எதிர்பார்ப்பது தயவு. "அண்ணே, மெஷின் ஒரு மாதிரி இருக்கு" என்று தம்பிகள் சொல்வதை நான் மேலே கொண்டுபோனால் என் லைன் பிரச்சினைக்கார லைன் ஆகிவிடும். அதனால் நல்ல செய்தியைச் சூடாகவும் கெட்ட செய்தியை ஆறவிட்டும் அனுப்பக் கற்றுக்கொண்டேன். மேனேஜரின் மேசைக்குப் போன அறிக்கைகள் பொய் இல்லை. ஆனால் அவற்றை மட்டும் படித்தால் அந்தத் தொழிற்சாலையில் எதுவுமே பழுதாவதில்லை என்று நினைக்கத் தோன்றும். அந்த மேனேஜரை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், வெட்கமாக இருந்தாலும். எங்கள் லைனில் பாதிப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்குக் கடன், கம்பெனி விடுதியில் படுக்கை, வேலை போனால் விசாவும் போகும். தாத்தாவின் லயன் வீட்டுச் சாவி இப்போது அவர்கள் கழுத்தில் தொங்குகிறது. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெய்க்குத் தடை விதித்தபோது கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்று சொன்னவற்றில் கடன்பிணைப்பும், கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) வாங்கி வைத்துக்கொள்வதும் இருந்தன. அதை எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்து ஆவேசமாகப் பேசினோம். மறுநாள் காலை ஒரு வங்காளதேசத்துப் பையன் மெதுவாக வேலை செய்கிறான் என்று என் வாயிலிருந்து வந்த வார்த்தை, தாத்தாவைப் பார்த்து மண்டோர் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. அவன் தலைகுனிந்து காலணியைப் பார்த்தான்.

சரி, வேறு மாதிரி நடந்த இடமே கிடையாதா? உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் தொழிற்சாலை. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் நின்றார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் ஒரு சோதனை செய்து 1948இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவிப்பாகச் சொன்னார்கள். இன்னொரு குழுவின் பிரதிநிதிகளை மட்டும் சேர்த்துத் திட்டம் போட்டார்கள். வேறு இரண்டு குழுக்களில் எல்லாரையும் உட்காரவைத்து, புது முறையை அவர்களோடு சேர்ந்தே வகுத்தார்கள். அறிவிப்பாகக் கேட்ட குழுவில் முதல் 40 நாளில் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தியும் தேறவில்லை. எல்லாரும் கலந்துகொண்ட குழுக்களில் ஒருவரும் விடவில்லை, உற்பத்தி பழைய அளவைத் தாண்டியது. இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே மாதிரி செய்து பார்த்தபோது உற்பத்தியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. யாரிடம், எதைப் பற்றி, எவ்வளவு நேர்மையாகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் செய்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனவர் கண்டது வேறு: அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது புரிந்தது: அவர்கள் அதிகம் தவறவில்லை, தவறியதை அதிகம் சொன்னார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். பெல்ட்டைப் பற்றி யாரும் புகார் சொல்லாத லைன் நல்ல லைன் என்று எங்கள் கம்பெனி நினைத்ததே, அதன் தலைகீழ் இது.

இதை எந்த ஆய்வும் படிக்காமல் செய்தவர் ஒருவர் எங்கள் தொழிற்சாலையிலேயே இருந்தார். இரவு ஷிப்ட் லீடர், ஐம்பது வயது அக்கா, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். "கேள்வி இருக்கா" என்று அவர் கூட்டமாக யாரையும் கேட்டதே இல்லை. இரவு பதினொன்றுக்கு ஒவ்வொரு இயந்திரமாக நடந்துபோய், "இன்னிக்கு எது உன்ன தொல்ல பண்ணுது?" என்பார். தொல்லையே இல்லாத நாள் கிடையாது என்று எடுத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. வங்காளதேசத்துப் பையன்களிடம் உடைந்த மலாயில் அதையே கேட்பார். சொன்னதை ஒரு பள்ளி நோட்டில் எழுதுவார். அந்த வாரத்துக்குள் ஆனால் ஆனது என்பார், ஆகாவிட்டால் யார் மாட்டேன் என்றார் என்பதையும் சொல்வார். சொன்னவன் பெயரை மட்டும் மேலே கொண்டுபோகமாட்டார். அவருடைய லைனில் பெல்ட் அறுந்ததாக எனக்கு நினைவில்லை. அவரை யாரும் சூப்பர்வைசர் ஆக்கவும் இல்லை. அறிக்கையில் அவர் லைனுக்குத்தான் புகார் அதிகம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மௌனம் அங்கேதான் அதிகம் வலிக்கும். நியாயமில்லாமல் வேலையைவிட்டு நீக்கினார்கள் என்று நினைப்பவர், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். விளக்கம் கேட்டு வந்த கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, வீட்டிலும் சொல்லாமல், நாலாம் மாதம் என்னிடம் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். "பேசி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன் அண்ணே" என்றார்.

பெல்ட் அறுந்த கதைக்கு ஒரு பின்கதை இருக்கிறது. ஒட்டுக்கடையில்தான் எல்லாம் பேசுகிறார்கள் என்பது எப்படியோ மேனேஜர் காதுக்கு எட்டியது. நல்ல மனிதர், உண்மையாகவே கேட்க வேண்டும் என்று விரும்பினார். ஒரு மாலை அவரே ஒட்டுக்கடைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாருக்கும் தே தாரிக் சொன்னார். நாங்கள் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினோம். மறுநாளும் வந்தார், மழையைப் பற்றிப் பேசினோம். மூன்றாம் நாள் முதல் எங்கள் ஆட்கள் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கடைக்கு மாறிவிட்டார்கள். அங்கே தேத்தண்ணீர் நன்றாக இருக்காது, இருபது காசு அதிகமும்கூட.